பள்ளி, ஆஸ்பத்திரிக் கட்டடங்களின் நிலநடுக்க ஆபத்தை மதிப்பிடப் போகிறீர்களா? இந்த வரிசையில் போங்கள்

நூற்றுச் சொச்சம் பெயர்கள் கொண்ட ஒரு பட்டியலை மேசையில் வைத்து, "இதெல்லாம் நிலநடுக்கம் வந்தா நிற்குமா விழுமான்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார்கள். பள்ளிகள், ஆஸ்பத்திரிகள், மேல்நிலைத் தொட்டிகள், இரண்டு பாலங்கள். நான் சிவில் இன்ஜினியர்தான். ஆனால் அதுவரை புதிதாகக் கட்டித்தான் பழக்கம். நிற்கிற கட்டடத்தைப் பார்த்து அதன் பலவீனத்தைக் கணிக்கத் தெரியாது.

வேலை முடியப் பதினான்கு மாதம் ஆனது. பாதி நாள் வரிசை தெரியாமல் வீணானது. முதல் நான்கு மாதத்தையும் கையிலிருந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கையும் நில அதிர்வு ஆய்வு ஒன்றில் கொட்டினேன். கைக்கு வந்தது அழகான வண்ண வரைபடம். எந்தப் பள்ளியில் முதலில் கைவைப்பது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. எல்லாப் பள்ளிகளும் ஒரே வண்ணத்துக்குள் கிடந்தன.

இன்று செய்தால் ஆறு மாதத்தில் முடிப்பேன். மலிவான சோதனையை எல்லாக் கட்டடத்துக்கும் முதலில் செய்வேன், செலவு பிடிக்கும் சோதனையைக் கடைசியில் சிலவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்வேன். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒரு கணக்கிலிருந்து வந்தவை.

1. என்ன கேள்விக்குப் பதில் தேடுகிறீர்கள் என்று எழுதுங்கள்

ஒரு பக்கம் போதும். பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கேள்வி வேறு. பள்ளிக் கட்டடம் பிறகு பயன்படாமல் போனாலும் பரவாயில்லை, உள்ளே இருப்பவர்கள் உயிரோடு வெளியே வர வேண்டும். ஆஸ்பத்திரி அன்றிரவே வேலை செய்ய வேண்டும், அதுவும் வழக்கத்தைவிடப் பல மடங்கு கூட்டத்தோடு. தண்ணீர்த் தொட்டிக்கு எத்தனை நாளில் மறுபடி தண்ணீர் வரும் என்பதே கேள்வி. இந்த மூன்றையும் ஒரே அளவுகோலில் அளக்கப் போனால் மூன்றுக்கும் உதவாத அறிக்கைதான் வரும்.

முடிவைப் பார்த்து யார் என்ன செய்யப் போகிறார்கள் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். பதில் சொல்ல ஆள் இல்லை என்றால் வேலையைத் தொடங்காதீர்கள்.

2. அனுமதிக் கடிதம்

நான் ஒரு வாரத்தில் கிடைத்துவிடும் என்று நினைத்தேன். இரண்டு மாதம் ஆனது. தலைமை அலுவலகம் கொடுத்த உத்தரவு, பள்ளி வாசலில் நிற்கும் காவலாளிக்குத் தெரிந்திருக்காது. அதனால் கடிதம் மூன்று மட்டத்துக்கும் தேவை: துறைக்கு, வட்டார அலுவலகத்துக்கு, அந்தந்தக் கட்டடப் பொறுப்பாளருக்கு.

கடிதத்தில் இவை இருக்கட்டும்: வருபவர்களின் பெயர், தேதி, மொட்டை மாடிக்கும் பூட்டிய அறைகளுக்கும் சாவி வேண்டும் என்பது, படம் எடுப்போம் ஆனால் பிள்ளைகள், நோயாளிகள் முகம் வராது என்பது, முடிவு யாருக்குப் போகும் என்பது. கடைசி வரியை விட்டுவிட்டு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. நான் போன ஐந்தாவது பள்ளியில் தலைமை ஆசிரியர் நாற்காலிகூடக் காட்டாமல் கேட்டார்: "நீங்க மார்க் போட்டுட்டுப் போயிடுவீங்க. நாளைக்கு கட்டடத்தை மூடச் சொன்னா, நாநூறு பிள்ளைகளை நான் எங்கே உட்கார வைக்கிறது?" என்னிடம் பதில் இல்லை. அவர் கேட்டதில் தப்பும் இல்லை.

ஆகவே கள வேலைக்கு முன்பே ஒன்றை முடிவு செய்துவிடுங்கள்: இன்றே ஆளை வெளியேற்ற வேண்டிய கட்டடம் ஒன்று கண்ணில் பட்டால் யாரை அழைப்பது, அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள். இதற்கு எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். எங்களுக்கு அப்படி இரண்டு கட்டடம் அகப்பட்டன.

3. பட்டியலைத் திருத்துங்கள்: ஒரு வரிக்கு ஒரு கட்டடம்

இந்தப் படியில்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும்.

கைக்கு வரும் பட்டியலில் 'பள்ளி' என்பது ஒரு வரி. நேரில் போனால் அது ஐந்தாறு கட்டடம். நான் பார்த்த ஒரு பள்ளி பட்டியலில் 'கான்கிரீட் கட்டடம், இரண்டு தளம்' என்று இருந்தது. போய்ப் பார்த்தால் முன்பக்கம் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய செங்கல் கட்டடம். பக்கத்தில் தூண்களோடு எழுப்பிய இரண்டு மாடி. அதன் தலையில் பிறகு ஏற்றிய மூன்றாவது தளம். பின்னால் தகரக் கூரைக் கொட்டகை. எல்லாவற்றுக்கும் ஒரே மஞ்சள் சுண்ணாம்பு அடித்திருந்ததால் வெளியிலிருந்து ஒரே கட்டடமாகத் தெரிந்தது. முப்பது வருடமாக அங்கே இருக்கும் கடைநிலை ஊழியர்தான் சுவரைத் தட்டித் தட்டிக் காட்டினார்: "இதுவரைக்கும் பழசு சார். இங்கிருந்து புதுசு. மேல இருக்கிறது நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு போட்டது." எந்த ஆவணத்திலும் இல்லாத தகவல் பத்தே நிமிடத்தில் கிடைத்தது. பழைய ஊழியரைத் தேடிப் பிடியுங்கள்.

ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி எண் கொடுங்கள். கூடவே இந்த விவரங்களையும் எழுதுங்கள்: கட்டிய ஆண்டு, மாடி ஏற்றிய ஆண்டு, தளங்கள், சுவர் வகை, கூரை வகை, வரைபடம் கிடைக்குமா, எந்த நேரத்தில் எத்தனை பேர் உள்ளே இருப்பார்கள். கட்டிய ஆண்டு முக்கியம், ஏனென்றால் அந்த நாட்டில் நிலநடுக்கக் கட்டட விதி நடைமுறைக்கு வருவதற்கு முந்தியதா பிந்தியதா என்பது அதில்தான் தெரியும். கட்டமைப்பு வரைபடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைத்தாலும் கட்டியது அதன்படிதானா என்று இரண்டு தூணையாவது அளந்து பாருங்கள்.

இன்னொரு பொறி இருக்கிறது. எளிய மக்கள் வாழும் பகுதியில் உள்ள பள்ளிகளும் மருத்துவ நிலையங்களும் பாதிக்குப் பாதி பட்டியலிலேயே இருக்காது. வாடகை வீட்டில் நடக்கும் சிறு கிளினிக், பதிவு இல்லாத ஆரம்பப் பள்ளி, சமூகக் கூடத்தில் இயங்கும் குழந்தைகள் மையம். அதிக ஆபத்து அங்கேதான். ஊர் ஊராக நடந்து சேர்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்குப் பட்டியல் வேலை மட்டும் ஏழு வாரம் எடுத்தது. வரிகள் மூன்று மடங்கானது.

4. நில அதிர்வும் மண்ணும்: இலவசமாகக் கிடைப்பதை முதலில் எடுங்கள்

பணம் கொடுத்துப் புதிய ஆய்வு செய்ய வேண்டியதில்லை. நாட்டின் கட்டட விதியில் மண்டல வரைபடம் இருக்கும். இத்தாலியின் பாவியா நகரிலிருந்து இயங்கும் ஜெம் (உலக நிலநடுக்க மாதிரி) அமைப்பு உலக நில அதிர்வு வரைபடத்தைப் பொதுவில் வைத்திருக்கிறது. முதல் சுற்றுக்கு இவை தாராளம்.

'475 ஆண்டு' என்ற எண் எல்லா அறிக்கையிலும் வரும். 475 ஆண்டுக்கு ஒருமுறைதான் நிலம் ஆடும் என்று படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகும் அதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த அளவு அதிர்வு, அல்லது அதைவிடப் பெரியது, அடுத்த 50 ஆண்டுக்குள் வருவதற்கு 10 சதவீத வாய்ப்பு என்பதே அதன் பொருள். அந்தப் பள்ளிக் கட்டடம் இன்னும் 50 ஆண்டு நிற்கத்தானே போகிறது?

அடுத்த பொறி: இத்தகைய வரைபடங்கள் பெரும்பாலும் கெட்டியான பாறைமேல் வரும் அதிர்வைக் காட்டுகின்றன. உங்கள் ஆஸ்பத்திரி ஏரியை மேடாக்கிய இடத்தில் இருந்தால் கதையே வேறு. 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரம் நிலநடுக்க மையத்திலிருந்து 350 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. இருந்தும் பழைய ஏரிப் படுகையின் களிமண் அதிர்வைப் பெருக்கிவிட, உள்ளூர் ஆஸ்பத்திரிக் கட்டடங்களும் சேர்ந்தே சரிந்தன.

மண்ணை அறிய முதலில் பழைய துளைப் பதிவுகளைத் தேடுங்கள். குடிநீர்த் துறை, பாலம் கட்டியவர்கள், செல்போன் கோபுரம் நட்டவர்கள் கையில் இருக்கும். மேல் 30 மீட்டர் மண்ணில் குறுக்கலை (மண்ணைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு போகும் அதிர்வலை) போகும் சராசரி வேகம் விநாடிக்கு 180 மீட்டருக்குக் கீழே என்றால் மிக மென்மையான மண். தளர்ந்த மணல், உயர்ந்த நிலத்தடி நீர், ஆற்றங்கரை மூன்றும் சேர்ந்தால் ஆட்டத்தில் மண் இளகிக் குழம்பாகும் ஆபத்து என்று தனிக் குறி போடுங்கள். பதிவே இல்லாத முக்கியமான சில இடங்களில் மட்டும் புதிய சோதனைக்குச் செலவு செய்யலாம்.

நேரம்: மூன்று வாரம். நான் இதற்குத்தான் நான்கு மாதம் கொடுத்தேன்.

5. விரைவுப் பார்வை: எல்லாக் கட்டடத்தையும் கண்ணால் பாருங்கள்

அமெரிக்காவின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமா, இந்த விரைவுப் பார்வைக்கென்றே வெளியிட்ட பி-154 என்ற கையேடு இலவசம். மூன்றாம் பதிப்பு 2015இல் வந்தது. பல நாடுகள் சொந்தப் படிவம் வைத்திருக்கின்றன. இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். முறை எளிது: கட்டட வகைக்கு ஒரு அடிப்படை மதிப்பெண், பிறகு குறைகளுக்கு ஏற்பக் கழித்தல். மிக வலுவான அதிர்வில் இடிந்து விழும் வாய்ப்பை அந்த எண் சொல்கிறது. 3 என்றால் ஆயிரத்தில் ஒன்று, 2 என்றால் நூற்றில் ஒன்று, 1 என்றால் பத்தில் ஒன்று. வழக்கமாக 2ஐ எல்லைக் கோடாக வைப்பார்கள்.

அதிர்வு மட்டத்துக்கு ஏற்ப ஐந்து படிவங்கள் உண்டு. தப்பான படிவத்தை எடுத்தால் அத்தனை கட்டடத்தின் மதிப்பெண்ணும் தப்பு. அச்சடிக்கும் முன் இருமுறை சரிபாருங்கள். கல், மண் கட்டடங்களுக்கு அந்தப் படிவம் சரியாகப் பொருந்தாது. அவற்றை 'நேரடியாக அடுத்த படிக்கு' என்று தனியே எடுத்துவைப்பது நல்லது.

இரண்டு பேர் கொண்ட குழு, ஒரு கட்டடத்துக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி. என்ன பார்ப்பது?

தரைத்தளத்தில் சுவரே இல்லாமல் தூண்கள் மட்டும் நின்று, மேலே சுவர்கள் நிறைந்திருக்கிறதா? ஆட்டத்தில் கீழ்த்தளம் மட்டும் மடங்கிப் போகும்.

அடுத்தது குட்டைத் தூண். பள்ளிகளில் இது ஏராளம். இரண்டு தூண்களுக்கு நடுவே ஜன்னல் மட்டம்வரை செங்கல் சுவர், அதற்குமேல் வரிசையாக ஜன்னல். மூன்று மீட்டர் தூணில் வளைய இடம் இருப்பது மேலே உள்ள ஒரு மீட்டருக்குத்தான். மொத்த விசையும் அந்த ஒரு மீட்டரில் வந்து விழ, தூண் குறுக்காக வெட்டுப்படும். வெளிச்சத்துக்காக வைத்த ஜன்னல்தான் வினை. வகுப்பறைக்குள் நின்று ஜன்னல் ஓரத் தூணைப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு எந்தப் பள்ளிக்குள் போனாலும் கண் அங்கேதான் போகும்.

மற்றவை: பிற்காலத்தில் ஏற்றிய மாடி, எல் வடிவக் கட்டடத்தின் உள்மூலை, இடைவெளி விடாமல் ஒட்டிக் கட்டிய இரண்டு கட்டடம், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி, பிடிமானம் இல்லாத கைப்பிடிச்சுவர், வெளியே ஓடும் வழியில் தொங்கும் போர்டிகோ. கம்பி துருப்பிடித்துக் காரை உரிந்த இடம் தெரிந்தால் படம் எடுங்கள். புதிதாக வெள்ளை அடித்திருந்தால் ஏமாறாதீர்கள். கழிப்பறைக்குப் பின்பக்கச் சுவரைப் பாருங்கள், அங்கே யாரும் பூசி மறைப்பதில்லை.

வேலை தொடங்கும் முன் எல்லாக் குழுக்களையும் ஒரே பத்துக் கட்டடங்களுக்குத் தனித்தனியே அனுப்பி மதிப்பெண்ணை ஒப்பிடுங்கள். எங்கள் முதல் ஒப்பீட்டில் ஒரே கட்டடத்துக்கு ஒரு குழு 2.4 போட்டது, இன்னொன்று 0.9. மாடி ஏற்றியதை முதல் குழு கவனிக்கவில்லை. இரண்டு நாள் பயிற்சி தேவை. செலவு முழுக்க ஆள் கூலியும் பயணமும்தான். கருவி என்று பார்த்தால் அளவு நாடா, டார்ச், போன் கேமரா.

6. ஆஸ்பத்திரிக்குத் தனி நாள் ஒதுக்குங்கள்

கலிபோர்னியாவின் ஆலிவ் வியூ ஆஸ்பத்திரி 1971 நிலநடுக்கத்தில் சிதைந்தது. மிக வலுவாகத் திரும்பக் கட்டினார்கள். 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் கட்டடம் அசையாமல் நின்றது, ஆனால் உள்ளே குழாய்கள் உடைந்து தண்ணீர் கொட்டி, நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. தூணும் உத்தரமும் நன்றாக இருப்பது ஆஸ்பத்திரிக்குப் போதாது.

உலக சுகாதார நிறுவனத்தின் மருத்துவமனைப் பாதுகாப்புக் குறியீடு இதற்கென்றே உள்ளது. 151 கேள்விகள், கட்டமைப்பு, கட்டமைப்பு சாராதவை, அவசரகால நிர்வாகம் எல்லாம் வரும். முடிவு 0 முதல் 1 வரை. 0.35 வரை வந்தால் 'சி', உடனே நடவடிக்கை வேண்டும், 0.66 அல்லது அதற்கு மேல் 'ஏ'. ஒரு ஆளால் நிரப்ப முடியாது. கட்டமைப்புப் பொறியாளர், மின்சாரம் தெரிந்தவர், ஒரு மருத்துவர் அல்லது மூத்த செவிலியர் சேர்ந்து போங்கள். நடுத்தர ஆஸ்பத்திரிக்கு ஒரு முழு நாள்.

கையால் தள்ளிப் பாருங்கள். நாங்கள் போன ஓர் இடத்தில் ஜெனரேட்டர் புத்தம் புதியது. அதை ஸ்டார்ட் செய்யும் பேட்டரிகள் போல்ட் இல்லாத இரும்பு அடுக்கில் இருந்தன. ஒரு விரலால் தள்ளினேன், அடுக்கு ஆடியது. டீசல் தொட்டி நான்கு செங்கல்மேல் நின்றது. ஆக்சிஜன் சிலிண்டர்களைப் பிடிக்கும் சங்கிலி சுவரில் இருந்தது, மாட்டவில்லை. "மாட்டினா மாத்தும்போது லேட் ஆகுது" என்றார் ஊழியர். பாதுகாப்புக் கூட்டங்களில் எங்கும் வராத விவரம் இது. முடிந்தால் இரவுப் பணியில் இருப்பவர்களோடும் அரை மணி பேசுங்கள். லிஃப்ட் நின்றால் நோயாளியை எப்படி இறக்குவார்கள், எந்தச் சாவி யாரிடம் இருக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

7. தண்ணீர், மின்சாரம், சாலை: சங்கிலியாக வரையுங்கள்

ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு தாளில் கோடு இழுங்கள். தண்ணீர் எந்தத் தொட்டியிலிருந்து, எந்தக் குழாய் வழியாக, எந்த மோட்டாரால், அந்த மோட்டாருக்கு மின்சாரம் எங்கிருந்து. பெரும்பாலும் எல்லாக் கோடும் ஏதோ ஒரு சின்னப் பாலத்திலோ ஒரே துணைமின் நிலையத்திலோ வந்து சேரும். அந்த முடிச்சுதான் உங்களுக்கு வேண்டும்.

துணைமின் நிலையத்தில் அடித்தளத்தோடு பிணைக்காத மின்மாற்றிகளையும் பீங்கான் காப்பான்களையும் பாருங்கள். பாலத்தில் உத்தரம் உட்காரும் இடத்தின் அகலத்தை அளங்கள். குறுகலாக இருந்தால் உத்தரம் நழுவி விழும். மண் குழம்பும் பகுதியில் புதைந்த குழாய்களைத் தனியே குறியுங்கள். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2011இல் குடிநீர், கழிவுநீர்க் குழாய்கள் பெரிதும் சேதமானது அப்படிப்பட்ட மண்ணில்தான்.

8. எத்தனை பேர், எந்த நேரத்தில்

2005 அக்டோபர் 8, காஷ்மீர் நிலநடுக்கம் காலை 8.50க்கு, பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள், ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். 2015 ஏப்ரல் 25, நேபாளத்தில் மதியத்துக்குச் சற்று முன். சனிக்கிழமை, அங்கே விடுமுறை நாள். ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் இடிந்தும் உள்ளே பிள்ளைகள் இல்லை. ஆகவே வருகைப் பதிவேட்டில் உள்ள மொத்த எண்ணிக்கையை மட்டும் எழுதாதீர்கள். ஷிப்ட் எத்தனை, இரவில் தங்கும் விடுதியா, மாலையில் வேறு பயன் உண்டா, படியிறங்க முடியாத பிள்ளைகள் எந்தத் தளத்தில் என்று கேளுங்கள். மதிப்பெண் ஒன்றாக உள்ள இரண்டு கட்டடங்களில் எது முதலில் என்பதை இந்த விவரம்தான் தீர்மானிக்கும்.

9. விரிவான சோதனை: சிலவற்றுக்கு மட்டும்

எங்கள் பட்டியலில் ஏறக்குறைய பத்தில் ஒரு கட்டடம்தான் இந்தப் படிவரை வந்தது. பணம் கரைவது இந்தப் படியில், அதனால் ஒப்பந்தத்தில் கவனம் வேண்டும். ரீபவுண்ட் ஹேமர் சோதனை (கான்கிரீட்டில் அடித்து, சுத்தி எவ்வளவு எகிறுகிறது என்று பார்ப்பது) மலிவு, ஆனால் மேற்பரப்பின் கடினத்தை மட்டும் சொல்லும். அதை மட்டும் வைத்து கான்கிரீட்டின் பலத்தை முடிவு செய்யும் அறிக்கையை ஏற்காதீர்கள். கம்பி எங்கே, எவ்வளவு நெருக்கம் என்பதற்குக் கவர் மீட்டர். பலத்துக்கு கோர், அதாவது கான்கிரீட்டைத் துளைத்து எடுக்கும் உருளைத் துண்டு, எடுத்து நசுக்கிப் பார்க்க வேண்டும். கம்பியை வெட்டாத இடத்தில் துளைப்பதும், துளையை அன்றே நிரப்புவதும் ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்கட்டும். இரண்டு தூணிலாவது காரையைத் தட்டி, நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பியின் நுனியைப் பாருங்கள். 135 டிகிரி வளைத்து உள்ளே மடக்கியிருந்தால் நல்லது. வெறும் 90 டிகிரி என்றால் வலுவான ஆட்டத்தில் வளையம் பிரிந்துவிடும்.

இந்தச் சத்தமும் தூசியும் பள்ளி விடுமுறையில்தான் சாத்தியம். விடுமுறைத் தேதியை முதல் மாதத்திலேயே குறித்து, சோதனைக் கூடத்தை அப்போதே பதிவு செய்யுங்கள். நான் தவறவிட்டு அடுத்த விடுமுறைக்கு ஐந்து மாதம் காத்திருந்தேன்.

ஓப்பன்குவேக் போன்ற இலவச மென்பொருளில் மொத்தப் பகுதியின் இழப்பைக் கணிக்க விரும்பினால், அதற்கும் இதுதான் நேரம். படி 3இல் செய்த பட்டியல் கையில் இல்லாமல் அதைத் திறந்து பயனில்லை.

10. அறிக்கை

கட்டடத்துக்கு ஒரு பக்கம். மேலே படம், எண், பார்த்த தேதி. நடுவில் என்ன குறை என்று சாதாரணத் தமிழில். கீழே மூன்று பத்தி: இந்த வாரமே செய்யக்கூடியது, இந்த ஆண்டுக்குள் செய்ய வேண்டியது, பெரிய செலவு. முதல் பத்தியை வெற்றாக விடாதீர்கள். பீரோவைச் சுவரோடு பிணைப்பது, இரண்டாவது வாசலில் அடுக்கிய உடைந்த பெஞ்சுகளை அகற்றுவது, சிலிண்டர் சங்கிலியை மாட்டுவது எல்லாம் பெரிய பணம் கேட்கும் வேலைகளில்லை.

'பாதுகாப்பானது' என்ற சொல்லை எங்கும் எழுதாதீர்கள். விரைவுப் பார்வையில் தேறியது என்றால் 'விரைவுப் பார்வையில் தேறியது' என்றே எழுதுங்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை போடுவதானால் பச்சைக்கும் கீழே அந்த வரி இருக்கட்டும்.

ஒப்படைக்கும் கூட்டத்துக்குத் துறை அதிகாரி, நிதி ஒதுக்குபவர், அந்தந்தத் தலைமை ஆசிரியர் மூவரும் ஒரே அறையில் இருக்க வேண்டும். படங்கள், நிரப்பிய படிவங்கள், பட்டியல் எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். எங்கள் முதல் பிரதி இருந்த கணினி ஓர் இடமாற்றத்தில் காணாமல் போனது. என்னிடம் கேள்வி கேட்ட அந்தத் தலைமை ஆசிரியர் தன் பிரதியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வருகைப் பதிவேட்டோடு வைத்திருந்தார். அடுத்த ஆண்டு நிதி கேட்டு எழுதும்போது எங்களுக்கே அதைத்தான் நகல் எடுக்க வேண்டியிருந்தது.